திருப்பதி மொட்டை என்று நான் சொன்ன பொய்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். குறிப்பாக 2004-ஆம் ஆண்டு என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். உங்களிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று அதைத் திருத்தி எழுதுகிறேன்.

அந்த ஆண்டு ஜூனில் பள்ளி திறந்தபோது நான் வரவில்லை. ஆகஸ்டில்தான் வந்தேன். புடவைத் தலைப்பை இழுத்து மூடியிருந்தேன். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கியபோது தலைப்பு நழுவியது. வகுப்பே அமைதியாகிவிட்டது. முதல் வரிசையில் இருந்த பையன்தான் கேட்டான்: "இன்னா டீச்சர், மொட்டை அடிச்சிக்கினீங்க?"

"திருப்பதிக்கு வேண்டுதல்டா" என்றேன்.

அடுத்த கேள்வி உடனே வந்தது: "அப்ப லட்டு எங்க டீச்சர்?"

நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, அன்று மாலை தேரடி வீதியில் ஒரு கடையில் லட்டு வாங்கி, மறுநாள் பிட்டுப் பிட்டு உங்கள் எல்லோருக்கும் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டீர்கள். அது திருப்பதி லட்டு இல்லை. என் தலையும் திருப்பதி மொட்டை இல்லை. எனக்கு மார்பகப் புற்றுநோய். பிப்ரவரியில் அறுவை சிகிச்சை, மார்ச் முதல் ஜூலை வரை ஆறு முறை கீமோ. தலைமை ஆசிரியருக்கும் என் வீட்டுக்காரருக்கும் என் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். உறவினர்களில் பலருக்கு இந்தப் பதிவுதான் முதல் செய்தி. மன்னியுங்கள்.

அன்று இன்னொரு கேள்வியும் வந்தது. ஜன்னல் ஓரம் உட்காரும் பையன், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "டீச்சர், புருவத்தைக் கூடவா சாமிக்குக் குடுத்துட்டீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாய்ப்பாட்டை எடுக்கச் சொன்னேன்.

இப்போது ஏன் இதைச் சொல்கிறேன்? போன மாதம் அந்த வகுப்பில் படித்த ஒரு மாணவி தொலைபேசியில் அழைத்தாள். இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை. எனக்கு வந்த அதே நோய் அவளுக்கும் வந்திருக்கிறது. அழவில்லை. "டீச்சர், முடி கொட்டும்னு சொல்லிட்டாங்க. யாராவது கேட்டா திருப்பதி வேண்டுதல்னு சொல்லிக்கலாம்னு இருக்கேன். நம்ப ஊர்ல யாரும் சந்தேகப்பட மாட்டாங்க இல்ல?" என்றாள். என் கதை அவளுக்குத் தெரியாது. நான் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "தலைக்கு ஏதோ ஐஸ் தொப்பி போட்டா முடி கொட்டாதாமே, நெசமா டீச்சர்?"

அவளுடைய அனுமதியோடு, அவள் பெயரைச் சொல்லாமல் இதை எழுதுகிறேன். அவளுக்குப் பதில் சொல்வதற்காகப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் பாடமாக எடுக்கிறேன். பழக்கம் விடுமா?

முதலில், கீமோவில் முடி ஏன் கொட்டுகிறது? புற்றுநோய்ச் செல்கள் வேக வேகமாகப் பிரிந்து பெருகுபவை. கீமோ மருந்து, வேகமாகப் பெருகும் செல்களைத் தேடித் தாக்கும். ஆனால் உடம்பில் வேகமாகப் பெருகும் நல்ல செல்களும் இருக்கின்றன. வாயின் உட்புறத் தோல், குடல், எலும்பு மஜ்ஜை, அப்புறம் முடியின் வேர். நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் உண்டு. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு எந்த நேரத்திலும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் மருந்து அவற்றையும் எதிரி என்று நினைத்துவிடுகிறது. முதல் மருந்து ஏறி இரண்டு மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும். எனக்குப் பதினேழாம் நாள். காலையில் எழுந்தால் தலையணை உறை முழுக்க முடி. சீப்பை வைத்தால் சீப்போடு வந்தது. வலிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எல்லாக் கீமோ மருந்தும் முடியைக் கொட்ட வைப்பதில்லை. மோசமானவற்றில் ஒன்று டாக்ஸோரூபிசின். பாட்டிலில் ரோஸ்மில்க் மாதிரிச் சிவப்பாக இருக்கும். வார்டில் நாங்கள் அதைச் "சிவப்பு மருந்து" என்போம்.

இந்தக் கீமோவின் வரலாற்றில் நம் பக்கத்து மனிதர் ஒருவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர். அவருடைய குழு உருவாக்கிய மருந்தைத்தான் 1947-ல் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில குழந்தைகளுக்குக் கொஞ்ச காலமாவது நோய் பின்வாங்கியது. மருந்தால் புற்றுநோயைப் பணிய வைக்கலாம் என்ற நம்பிக்கை அப்போது வலுப்பெற்றது.

நம் மாநிலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் மறக்கவில்லை. முப்பது ஆண்டுகள் போராடி, 1952-ல் நேருவை அழைத்து வந்து அடிக்கல் நாட்ட வைத்து, 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். 12 படுக்கைகளோடு தொடங்கியது. மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் கண்மூடும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

அந்தக் காலத்தில் உயிர் பிழைப்பதே கேள்வி. முடியைப் பற்றி யார் கேட்பார்கள்? நான் கூட 2004-ல் அப்படித்தான் நினைத்தேன். மருத்துவமனையில் ஒருமுறை தயங்கித் தயங்கி முடியைப் பற்றிக் கேட்டேன். "உசிர் பெருசா, மயிர் பெருசா?" என்று ஒருவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அது எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். என் உயிரைக் காப்பாற்றியதும் அதே இடம்தான்.

ஆனால் அந்தக் கேள்வியைச் சிரிக்காமல் எடுத்துக்கொண்டவர்களும் உலகில் இருந்திருக்கிறார்கள்.

1960-களிலேயே ஒரு முயற்சி நடந்தது. மருந்து ஏறும் நேரத்தில் நெற்றியைச் சுற்றி இறுக்கமாகப் பட்டை கட்டிவிடுவார்கள். தலைத்தோலுக்கு ரத்தம் போகாவிட்டால் மருந்தும் போகாது என்பது கணக்கு. பிறகு வந்தது குளிர். மார்கழி மாதம் விடியற்காலையில் கிரிவலம் போயிருப்பீர்கள். விரல் நுனி வெளுத்துப்போய் மரத்துவிடும் அல்லவா? குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்வதால் அப்படி ஆகிறது. தலைத்தோலையும் அப்படிக் குளிரவைத்தால், வேருக்குப் போகும் ரத்தம் குறையும், ரத்தத்தோடு போகும் மருந்தும் குறையும். அதோடு, குளிரில் வேர்ச்செல்கள் வேலையைக் குறைத்துத் தூங்கிவிடும். தூங்குகிற செல்லை மருந்து அவ்வளவாகத் தொடாது. இதுதான் முழு ரகசியம்.

1979-ல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக டாக்டர்கள், நான் சொன்ன சிவப்பு மருந்து ஏறும்போது தலையைக் குளிர்வித்து, பலருக்கு முடி நின்றது என்று எழுதினார்கள். எழுபதுகளில் செய்தது பெரும்பாலும் பைகளில் ஐஸ் நிரப்பித் தலையில் கட்டும் வேலைதான். எண்பதுகளில் உறைய வைத்த ஜெல் தொப்பிகள் வந்தன. உருக உருக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

1990-ல் பெரிய தடை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்தத் தொப்பிகளின் விற்பனையை நிறுத்தியது. பலன் தருமா, பாதுகாப்பானதா என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. தலைத்தோலுக்கு மருந்து போகாவிட்டால், அங்கே ஒளிந்திருக்கும் புற்றுநோய்ச் செல் தப்பித்து, பிறகு தலையில் முளைத்தால்? முடியைக் காப்பாற்றப் போய் உயிரை விடுவதா? சான்று கேட்பது தவறில்லை. ஆனால் சான்றைத் தேடிச் சேர்க்க ஆள் வேண்டுமே.

இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு என்று ஓர் ஊர். அங்கே கிளென் பாக்ஸ்மன் என்பவரின் குடும்பத் தொழில், மதுக்கடைகளுக்கு பீரைக் குளிர்விக்கும் இயந்திரம் செய்வது. அவர் மனைவி சூ, நான்கு பிள்ளைகளின் தாய். மார்பகப் புற்றுநோய் வந்து, அந்தக் காலத்துக் குளிர்த்தொப்பியைப் போட்டும் முடி முழுவதும் போய்விட்டது. மனைவியின் முகத்தைப் பார்த்த கணவருக்கு ஒரு யோசனை. பீப்பாய் பீரைச் சீராகக் குளிரவைக்கத் தெரிந்த நமக்கு, ஒரு தலையைச் சீராகக் குளிரவைக்கத் தெரியாதா? தொப்பிக்குள் குழாய்களில் குளிர்ந்த திரவம் ஓடிக்கொண்டே இருக்கும்படி ஓர் இயந்திரம் செய்தார்கள். உருகிப்போகிற பேச்சே இல்லை. 1997-ல் அதே ஊர் மருத்துவமனையில் முதல் இயந்திரம் வந்தது. சூ 2000-ல் இறந்துவிட்டார். அவர் மகன் இன்று அந்த நிறுவனத்தை நடத்துகிறார்.

இதைப் படித்தபோது எனக்கு முத்துலட்சுமி அம்மையார் நினைவுக்கு வந்தார். அங்கே தங்கை, இங்கே மனைவி. வீட்டுத் துக்கத்தை வீட்டோடு முடித்துக்கொள்ளாதவர்களால்தான் மருத்துவம் பாதி வளர்ந்திருக்கிறது.

சரி, அந்தப் பயம் என்ன ஆயிற்று? கனடாவின் கியூபெக் நகர ஆய்வாளர்கள், மார்பகப் புற்றுநோய்க்காகக் கீமோ எடுத்த பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். தொப்பி போட்டவர்களிலும் சரி, போடாதவர்களிலும் சரி, தலைத்தோலில் நோய் திரும்பியது ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குத்தான். 2015 டிசம்பரில் ஸ்வீடன் நாட்டு இயந்திரம் ஒன்றுக்கும், 2017-ல் பாக்ஸ்மன் இயந்திரத்துக்கும் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. தடைக்கும் அனுமதிக்கும் நடுவில் 25 ஆண்டுகள். என் சிகிச்சை அதற்கு நடுவில் வந்தது.

இப்போது கணக்குப் பாடம். 2017 பிப்ரவரியில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு. தொப்பி போட்ட 95 பெண்களில் 48 பேருக்கு முடி நின்றது. போடாத 47 பேரில் ஒருவருக்குக் கூட நிற்கவில்லை. சதவீதம் போடுங்கள் பார்க்கலாம். ஏறக்குறைய 50-க்கு 0. இங்கே "நின்றது" என்றால் ஒரு முடி கூடக் கொட்டவில்லை என்று பொருள் இல்லை. கொட்டியது பாதிக்கும் குறைவு, விக் வைக்கத் தேவையில்லை என்று பொருள்.

வெள்ளைக்காரப் பெண்ணின் முடி வேறு, நம் அடர்த்தியான முடி வேறு, நமக்கு இது எடுபடுமா என்ற கேள்வி உங்களுக்கும் வரும். எனக்கும் வந்தது. அதற்கும் பதில் இருக்கிறது. 1941-ல் திறக்கப்பட்ட மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், டாக்டர் ஜோதி பாஜ்பாய் தலைமையில் 51 பெண்களை வைத்து ஆய்வு செய்து 2020-ல் வெளியிட்டார்கள். தொப்பி போட்டவர்களில் 56 சதவீதம் பேருக்கு முடி நின்றது. போடாதவர்களில் யாருக்கும் இல்லை. மறுபடி முளைத்ததும் தொப்பி போட்டவர்களுக்குத்தான் சீக்கிரம்.

போட்டுக்கொள்வது எப்படி? தலையை லேசாக நனைத்து, தொப்பியை இடைவெளி இல்லாமல் அழுத்தமாக மாட்டுவார்கள். மருந்து ஏற்றுவதற்கு அரை மணி முன்பே குளிர ஆரம்பிக்கும். மருந்து ஏறும் நேரம் முழுக்க இருக்கும். முடிந்த பிறகும் ஒன்றரை மணி நேரம் போல இருக்கும். மருந்தைப் பொறுத்து இது மாறும். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் தலைவலி, நடுக்கம். போர்வை வேண்டும். பிறகு மரத்துவிடும் என்கிறார்கள்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். இதுதான் தேர்வுக்கு வரும் பகுதி.

இது எல்லோருக்கும் ஆனது இல்லை. ரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவர்களுக்குப் போடக் கூடாது. குளிர் ஒத்துக்கொள்ளாத சில நோய்கள் இருந்தாலும் கூடாது. சிவப்பு மருந்துக்குப் பலன் குறைவு. பாக்லிடாக்சல் வகை மருந்துகளுக்குப் பலன் அதிகம். தலைமுடியைத்தான் காக்கும். புருவத்தையும் இமையையும் காக்காது. வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும் ஐஸை நீங்களாகத் தலையில் கட்டிக்கொள்ளாதீர்கள். தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடி போய்விடும் என்று பயந்து கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள். முடி திரும்ப முளைக்கும். எனக்குச் சுருட்டையாக முளைத்தது. ஆசிரியர் பயிற்சியில் என்னோடு படித்த தோழி, பார்த்ததும் பெர்மிங் செய்துகொண்டாயா என்று கேட்டாள்.

இந்த இயந்திரம் நம் நாட்டில் பெருநகரங்களின் சில மருத்துவமனைகளில்தான் இருக்கிறது. பணம் ஒரு காரணம். இன்னொரு காரணம் நாற்காலி. ஒரு நோயாளி கூடுதலாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், வெளியே வராந்தாவில் காத்திருப்பவருக்கு இடம் எங்கே? விடியற்காலை பஸ் பிடித்துச் சென்னை போய், டோக்கன் வாங்கி, இரவு ஊர் திரும்பியவள் நான். அந்தக் கூட்டம் எனக்குத் தெரியும். யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "எங்களிடம் இல்லை, வேறு இடத்தில் உண்டு" என்று சொல்வதற்கு நாற்காலி தேவையில்லை. நோயாளி கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்லலாம்.

முடியென்ன பெரிய விஷயமா என்று சிலர் கேட்பீர்கள். நம் ஊரில் முடியைக் கொடுப்பது புதிதில்லை. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி, 16 வயதுப் பையனாக இங்கே வந்து இறங்கிய ரமணர், அய்யங்குளக் கரையில் தம் குடுமியை மழித்துக்கொண்டார். அதே ரமணருக்குக் கடைசியில் இடது கையில் புற்றுக்கட்டி வந்து, பல முறை அறுவை செய்து, ரேடியமும் வைத்து, 1950 ஏப்ரல் 14-ல் காலமானார். குழந்தை பிறந்தால் மொட்டை, நேர்ந்துகொண்டால் மொட்டை. அதெல்லாம் நாமாகக் கொடுப்பது. கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வருகிறோம். ஆனால் என் பாட்டியின் தலையைத் தாத்தா போன பிறகு மழித்தார்கள். அவரை யாரும் கேட்கவில்லை. கடைசிவரை முக்காட்டை எடுக்காமலே இருந்தார். இரண்டும் மொட்டைதான். ஒன்றுதான் என்று சொல்வீர்களா?

எனக்கு முடி போனதில் அழகு போனது என்ற வருத்தம் கொஞ்சம்தான். என் நோயை யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை நான் முடிவு செய்ய முடியாமல் போனதுதான் பெரிய வருத்தம். என் தலை எனக்கு முன்னால் போய் ஊருக்கே சொல்லிவிட்டது. அதை மறைக்கத்தான் திருப்பதியைத் துணைக்கு இழுத்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். உங்களுக்குப் புரிந்திருக்கும். உங்களில் சிலர் வீட்டிலும் இந்த நோய் வந்திருக்கும், யாரும் பேசாமல் இருந்திருப்பார்கள். நான் பேசியிருந்தால், இன்று இந்தப் பெண் அதே பொய்யைத் தேடிக்கொண்டிருக்க மாட்டாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், லட்டுக் கதை உட்பட. முதலில் சிரித்தாள். பிறகுதான் அழுதாள். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன்: என் மருந்து எந்த வகை? எனக்கு இது பொருந்துமா? எங்கே இருக்கிறது? எவ்வளவு ஆகும்? கேட்டாள். பதிலும் வாங்கினாள். அவள் என்ன முடிவு எடுத்தாள் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அவளாகச் சொன்னால் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜன்னல் ஓரத்துப் பையா, நீ இப்போது எந்த ஊரில் இருக்கிறாயோ தெரியவில்லை. இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், உன் கேள்விக்குப் பதில்: இல்லை கண்ணா, புருவத்தை நான் சாமிக்குக் கொடுக்கவில்லை. மருந்து எடுத்துக்கொண்டது. நீ சரியாகத்தான் பார்த்தாய். அன்றைக்கே உன்னிடம் "நல்ல கேள்வி" என்று சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில், தெருவில், அலுவலகத்தில் யாருக்காவது கீமோ தொடங்கப்போகிறது என்றால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். முதல் மருந்துக்கு முன்பே சொல்லுங்கள். பிறகு சொன்னால் பயன் இல்லை. லட்டுக் கணக்கை யாராவது தீர்க்க வேண்டும் என்றால் வீட்டுக்கு வாருங்கள். இந்த முறை உண்மையான லட்டு.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
திருவண்ணாமலை